வருஷக் கடைசியில் ஒரு கத்தரிப்பூ கலர்

டிசம்பர் இரண்டாவது வாரம் தாண்டிவிட்டால் டிசைன் வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு வியாதி வரும். பேர் 'இன்ஸ்பிரேஷன் தேடல்'. சளி இருமல் மாதிரி சீசனுக்கு வந்துட்டு பொங்கலுக்குள்ள தானா போயிடும். மருந்து கிடையாது. வருஷா வருஷம் இதைப் பார்த்துப் பார்த்து எனக்குன்னு ஒரு கருத்து உண்டாகிப் போச்சு. அதைக் கொட்டத்தான் இந்தப் பதிவு.

டிஜிட்டல் ப்ராடக்ட் டிசைனர்னா யாருன்னு கேட்கிறவங்களுக்கு (எங்க வீட்டுலயே இன்னும் கேட்கிறாங்க) ஒரு சின்ன விளக்கம். நீங்க செல்போன்ல பணம் அனுப்புறீங்க, ட்ரெயின் டிக்கெட் போடுறீங்க, டாக்டர்கிட்ட நேரம் வாங்குறீங்க. அதுல எந்தத் திரைக்கு அப்புறம் எது வரணும், பட்டன் எங்க இருக்கணும், அதுல என்ன எழுதியிருக்கணும், தப்பா அமுக்கிட்டா எப்படித் திரும்பி வரணும்... இதையெல்லாம் யோசிச்சு வரைஞ்சு கொடுக்கிற ஆள்தான். ப்ரோக்ராம் எழுதுறது வேற ஆள். சொந்தக்காரங்க கேட்டா 'பொட்டி தட்டுற வேலை'ன்னு சொல்லி முடிச்சுக்குவேன்.

டிசம்பர்ல வெளிநாட்டு க்ளையண்ட் எல்லாம் கிறிஸ்துமஸ் லீவுல போயிடுவாங்க. ஆபீஸ்ல ஆணி கம்மி. நாலு பேர் சும்மா உட்கார்ந்திருக்கிறதைப் பார்த்தா மேனேஜர்களுக்குத்தான் பொறுக்காதே! "அடுத்த வருஷத்துக்கு ஃப்ரெஷ்ஷா ஏதாவது யோசிங்கப்பா, ஒரு மூட்போர்டு போடுங்க" என்று ஆரம்பிப்பார்கள். மூட்போர்டு என்பது மனசுக்குப் பிடித்த படங்களை ஒரே பலகையில் ஒட்டி வைப்பது. கல்யாணத்துக்கு ப்ளவுஸ் தைக்கக் கொடுக்கும்போது டெய்லர்கிட்ட நாலு படம் காட்டுவாங்க இல்லையா, அதே சமாச்சாரம்தான்.

படங்கள் எங்கிருந்து வரும்? ட்ரிபிள் (கூடைப்பந்து தட்டுற ட்ரிபிள், 2009ல ஆரம்பிச்ச தளம்), பிஹேன்ஸ், பின்ட்ரெஸ்ட். இந்த மூணு கிணத்துலதான் உலகத்துல இருக்கிற அத்தனை டிசைனரும் வாளியை விடறாங்க. சென்னையில போட்ட மூட்போர்டும் சான் ஃபிரான்சிஸ்கோவுல போட்ட மூட்போர்டும் ஒட்டிப் பிறந்த இரட்டைப் புள்ளைங்க மாதிரி இருக்கும்.

கூடவே பான்டோன்காரர்கள் வேறு. 2000ஆம் ஆண்டுக்கு 'செருலியன்' என்ற ஒரு நீலத்தில் ஆரம்பித்து, வருஷத்துக்கு ஒரு கலர் என்று அறிவித்து வருகிறார்கள். 2025க்கு 'மோக்கா மூஸ்' என்று ஒரு காபிப்பொடி கலர். 2026க்கு 'கிளவுட் டான்சர்'. அது என்ன கலர்னு ஆவலா போய்ப் பார்த்தா... வெள்ளை! எங்க தெருவுல அயர்ன் பண்றவர் முப்பது வருஷமா இதைத்தான் பார்த்துக்கிட்டு இருக்கார் :-)

கிண்டல் இருக்கட்டும். விஷயத்துக்கு வர்றேன்.

படத்துல இருக்கிறது படம் மட்டும்தான்

2019 கடைசியில 'நியூமார்ஃபிசம்'னு ஒண்ணு கிளம்புச்சு. பட்டனும் பின்னணியும் ஒரே கலர்ல இருக்கும். மெல்லிசா ஒரு நிழல் மட்டும். மாவு மெதுவா உப்பி இட்லியா வந்த மாதிரி பட்டன் எழும்பி நிக்கும். பார்க்க அவ்வளவு அழகு. 2020க்கான ட்ரெண்ட் பட்டியல்ல எல்லாம் இதுதான் ஹீரோ. ஆனா மத்தியான வெயில்ல பஸ் ஸ்டாப்புல நின்னு போனைப் பார்த்தா பட்டன் எங்க இருக்குன்னே தெரியாது. கேட்ராக்ட் வந்த கண்ணுக்கு வீட்டுக்குள்ளயே தெரியாது. சாதாரண எழுத்துக்கும் அதோட பின்னணிக்கும் குறைஞ்சபட்சம் 4.5க்கு 1 என்ற அளவுல வெளிச்ச வித்தியாசம் இருக்கணும்னு இணையத் தரநிலையே சொல்லுது. அழகுக்காக அதை விட்டதால ரெண்டு வருஷத்துல பேச்சே அடங்கிப்போச்சு.

சின்னக் கம்பெனிங்கதான் இப்படின்னு நினைக்காதீங்க. ஆப்பிள் 2025 ஜூன்ல 'லிக்விட் கிளாஸ்'னு கண்ணாடி மாதிரி ஒரு தோற்றத்தை அறிவிச்சாங்க. பின்னாடி இருக்கிறது முன்னாடி இருக்கிற எழுத்து வழியா தெரியுது, படிக்க முடியலைன்னு ஏகப்பட்ட புகார். அதே வருஷம் நவம்பர்ல, கண்ணாடியைக் கொஞ்சம் மங்கலாக்கிக்க ஒரு வசதியைச் சேர்த்தாங்க.

காட்சிக்கு வைக்கிற படத்தில் எதுவும் தப்பாகப் போகாது என்பதுதான் சிக்கல். நெட் கட் ஆகாது. லிஸ்ட் காலியா இருக்காது. பயனர் பேர் எப்பவும் நாலெழுத்து ஆங்கிலப் பேர். அந்த இடத்துல 'மீனாட்சிசுந்தரம்' வந்து உட்கார்ந்து பார்க்கட்டும், பாதிப் பேர் வெளியே தொங்கும். ஆங்கிலத்துல ஆறெழுத்து 'சப்மிட்' தமிழ்ல 'சமர்ப்பிக்கவும்' ஆகுறப்போ பட்டன் பிதுங்குது. இனிஷியல் மட்டும் வச்சிருக்கிற நம்மாளுங்ககிட்ட 'குடும்பப் பெயர் கட்டாயம்'னு சிவப்புல எழுதிக் காட்டுற படிவங்களை நிரப்பாத தமிழன் உண்டா? ஒருத்தர் அப்பா பேரைப் போடுவார், ஒருத்தர் புள்ளி வைப்பார், ஒருத்தர் தன் பேரையே ரெண்டு தடவை போடுவார். அப்புறம் விமான டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் ஒத்துப்போகாம ஏர்போர்ட்ல நிப்போம். இந்தப் பிரச்னை எந்த மூட்போர்டுலயும் வராது. ஏன்னா இது படமா இல்லை, ஒருத்தரோட அவஸ்தையா இருக்கு.

எல்லாருக்கும் ஒரு 'உங்க வருஷம்'

டிசம்பரின் அடுத்த காய்ச்சல், வருஷக் கடைசித் தொகுப்பு. ஸ்பாட்டிஃபை 2016ல 'ராப்டு'ன்னு ஆரம்பிச்சாங்க. இந்த வருஷம் எந்தப் பாட்டை எத்தனை தடவை கேட்டீங்கன்னு கலர் கலரா காட்டுறது. செம ஹிட். பாட்டு ரசனை என்பது நாமே நாலு பேர்கிட்ட காட்டிக்க ஆசைப்படுற விஷயம், அதனால அங்க அது பொருந்துச்சு. அதைப் பார்த்து சாப்பாடு கொண்டு வர்றவங்க, டாக்ஸி ஓட்டுறவங்க, பேங்க் எல்லாரும் ஆளுக்கொண்ணு கிளம்பிட்டாங்க. கடன் கொடுக்கிற ஆப் ஒண்ணு 'இந்த வருஷம் 9 தடவை அபராதம் கட்டி அசத்திட்டீங்க!'ன்னு பலூன் பறக்க விடாம இருந்தா சரி.

நான் வேலை பார்க்கிற ஆப், ஆஸ்பத்திரியில நேரம் வாங்குறதுக்கும் லேப் ரிப்போர்ட் பார்க்கிறதுக்கும். (பேர் வேண்டாம், சோறு போடுற இடம்.) இந்த டிசம்பர்ல எங்க மீட்டிங்கிலும் அந்தப் பேச்சு வந்தது. "நாமளும் ஒரு 'உங்க வருஷம்' பண்ணலாமே." டீம்ல ஒரு தம்பி அரை நாள்ல அழகா வரைஞ்சும் கொண்டு வந்துட்டான். 'இந்த வருஷம் நீங்க எங்களை 14 தடவை தேடி வந்தீங்க!' மேலே இருந்து கலர்த்தாள் மழை. எல்லாரும் கை தட்டினாங்க.

ஆஸ்பத்திரிக்கு வருஷத்துல 14 தடவை போற ஆள் யாருன்னு ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க.

நான் அந்த மீட்டிங்ல சொன்னது எரிக் மேயர் கதை. கதை இல்லை, நடந்தது. வெப்சைட்டுகளோட தோற்றத்தை எழுதுற 'சிஎஸ்எஸ்' மொழியைப் புத்தகம் எழுதி ஒரு தலைமுறைக்கே சொல்லிக் கொடுத்தவர் அவர். 2014 ஜூன்ல அவரோட மகள் மூளையில் வந்த கட்டியால இறந்து போனாள். அன்னிக்கு அவளுக்கு ஆறாவது பிறந்தநாள். அந்த வருஷ டிசம்பர்ல ஃபேஸ்புக் எல்லாருக்கும் 'உங்க வருஷம்' தொகுப்பு காட்டுச்சு. அவர் கேட்கலை. இருந்தும் அவர் பக்கத்துல தானா வந்து நின்னுச்சு. நடுவுல அவர் மகள் முகம். சுத்தி ஆடிப்பாடுற பொம்மைங்க, பலூன், கொண்டாட்டம்.

டிசம்பர் 24ஆம் தேதி அவர் இதைப் பத்தி எழுதினார். யாரையும் திட்டவில்லை. இது வேணும்னு செஞ்சதில்லை, நல்ல வருஷம் அமைஞ்சவங்களை மட்டும் மனசுல வச்சு எழுதின நிரல் தன் வேலையைச் செஞ்சிருக்கு, அவ்வளவுதான், ஆனா அதோட பலன் கொடூரம் என்பதுதான் அவர் சொன்னதோட சாரம். ஃபேஸ்புக்கில் அந்த வேலைக்குப் பொறுப்பானவர் மன்னிப்பும் கேட்டார். 2016ல மேயர் இன்னொருத்தரோட சேர்ந்து, கஷ்டத்துல இருக்கிற மனுஷனை நினைச்சு எப்படி டிசைன் பண்றதுன்னு ஒரு புத்தகமே எழுதினார்.

அந்தக் குழந்தைக்குப் பிடிச்ச கலர் பர்ப்பிள். நம்ம பேச்சுல கத்தரிப்பூ கலர். சிஎஸ்எஸ்ல ஒவ்வொரு கலருக்கும் ஒரு எண் இருக்கும். சிலதுக்கு மட்டும் பேரும் உண்டு. 2014ல #663399 என்ற கத்தரிப்பூ கலருக்கு அவள் நினைவா 'ரெபெக்கா பர்ப்பிள்'னு பேர் வச்சாங்க. வீட்டுல 'பெக்கா'ன்னுதான் கூப்பிடுவாங்களாம். அது சின்னப் பாப்பா பேர், ஆறு வயசு ஆனதும் என்னை ரெபெக்கான்னுதான் கூப்பிடணும்னு சொல்லியிருந்தாளாம். ஆறு வயசுக்காரியா அவ இருந்தது அரை நாள்தான். அதனாலதான் முழுப் பேர். இன்னிக்கு நீங்க வச்சிருக்கிற ப்ரௌசர்லயும் அந்தப் பேரை எழுதினா அந்தக் கலர் வரும்.

வருஷத்துக்கு ஒரு கலர் வேணும்னா எனக்கு இது போதும். எல்லா வருஷத்துக்கும்.

நம்ம வீட்டுச் சுவத்துல தொங்குற டிசைன்

சரி, குறை மட்டும் சொல்றானே, வேற எங்கதான் பார்க்கிறது என்று கேட்பீர்கள். வருஷக் கடைசியில் நம் ஊரில் வீடு வீடாக வந்து சேருகிற ஒரு ப்ராடக்ட் இருக்கிறது. மளிகைக் கடை அண்ணாச்சி சும்மா கொடுக்கிற தினசரி காலண்டர்.

ராகுகாலத்துல எனக்கு நம்பிக்கை கிடையாது. (தங்கமணிக்கு உண்டு. அதனால வீட்டுல உண்டு.) ஆனா அந்த ஒத்தைத் தாளைக் கையில எடுத்து ஒரு டிசைனரா பாருங்க. பத்தடி தூரத்துல இருந்து தெரியறது தேதி மட்டும். விடுமுறைன்னா சிவப்பு, அதுக்கு விளக்கமே வேண்டாம். ரெண்டடி கிட்ட வந்தா தமிழ்த் தேதி, கிழமை, நல்ல நேரம், ராகுகாலம், எமகண்டம். மூக்குக்கிட்ட வச்சுப் பார்த்தா திதி, நட்சத்திரம், சூலம், சந்திராஷ்டமம். பல காலண்டர்ல இஸ்லாமியத் தேதியும் இருக்கும். எவ்வளவு அவசரமோ அவ்வளவு பெரிசு எழுத்து. ஒரே தாள்ல அம்மா அமாவாசையைப் பார்க்கிறாங்க, அப்பா கவர்ன்மென்ட் லீவு பார்க்கிறார், கடைக்காரர் ராகுகாலம் பார்க்கிறார், பையன் பள்ளிக்கூடம் உண்டா இல்லையான்னு பார்க்கிறான். யாரும் யாரையும் இடிக்கலை. லாகின் இல்லை, பாஸ்வேர்ட் இல்லை.

பன்னிரண்டு ராசிக்கும் ஆளுக்கு ஒரு சொல்லுதான் இடம். செலவு, வரவு, பயணம், கோபம். தீர்ந்தது. எங்க ஆப்ல ஒரு அறிவிப்பு எழுத மூணு மீட்டிங் போடுறோம். :-(

நேத்து முடிஞ்சதுன்னு காட்டுறதுக்கு ஒரு கிழி. அவ்வளவுதான். கிழிச்ச தாளும் வீணாகாது, விபூதி மடிக்கலாம், பால் கணக்கு எழுதலாம்.

இதை அச்சடிக்கிற சிவகாசிக்காரங்க அடுத்த வருஷத்துக்கான மாதிரி ஆல்பத்தை ஆடிப்பெருக்கு அன்னிக்கே பூஜை போட்டு வெளியிடுறாங்க. அதாவது ஆகஸ்ட் தொடக்கத்துல. நாம டிசம்பர்ல உட்கார்ந்து 'என்ன பண்ணலாம்'னு மோட்டுவளையைப் பார்க்கிறப்போ அவங்க சரக்கு லாரி ஏறியாச்சு. 365 தாள்ல ஒண்ணுல தப்பு வந்தாலும் 'அப்டேட்' விட முடியாத வேலை வேற.

இன்னொண்ணு, பரோட்டாக் கடையில காசு வந்ததைச் சத்தமா சொல்ற டப்பா. மாஸ்டர் கையெல்லாம் மாவு, கல்லாவுல இருக்கிறவர் பார்சல் கட்டிக்கிட்டு இருக்கார். யாரு போனை எடுத்துப் பார்க்கிறது? பழைய ஸ்க்ரீன்ஷாட்டைக் காட்டி ஏமாத்துறவனும் உண்டு. அதனால திரையே இல்லாத ஒரு பொருள், 'எண்பது ரூபாய் பெறப்பட்டது'ன்னு கத்துது. இதை யோசிச்சவர் அடுத்தவன் திரையைப் பார்த்து யோசிச்சிருக்க முடியாது. கடையைப் பார்த்துத்தான் யோசிச்சிருக்கணும்.

அப்ப அழகே வேண்டாமா?

வேணும். தாராளமா வேணும். தட்டையான, அழுகுன டிசைன்லதான் நேர்மை இருக்குன்னு சொல்ற கட்சி இல்லை நான். ட்ரிபிள்ல நிஜமாவே கைதேர்ந்த ஆளுங்க இருக்காங்க. ஒரு நிழலை எப்படி விழ வைக்கிறது, ரெண்டு எழுத்துருவை எப்படிச் சேர்க்கிறதுன்னு அங்க கத்துக்கலாம். நானும் கத்துக்கிட்டிருக்கேன். 'எப்படி'ன்னு கேட்க அது நல்ல இடம். 'எதை'ன்னு கேட்கத்தான் லாயக்கில்லாத இடம்.

சூசன் கேர் என்ற அம்மையார் 1980களின் தொடக்கத்தில் ஆப்பிள் மேக்கிண்டாஷுக்குச் சின்னங்கள் வரைந்தவர். குப்பைத்தொட்டி, சிரிக்கிற கம்ப்யூட்டர் எல்லாம் அவர் கைவண்ணம். மெனுவுல ஆப்பிள் சின்னம் அளவுக்கு மீறி வருதுன்னு ஸ்டீவ் ஜாப்ஸ் கோபப்பட்டதால, அந்தக் கட்டளை விசைக்கு வேற சின்னம் தேட வேண்டியிருந்தது. அவர் புரட்டினது சின்னங்களோட அகராதி ஒண்ணை. எடுத்தது ஸ்வீடன்ல 'பார்க்க வேண்டிய இடம்'னு ரோட்டோரம் வைக்கிற நாலு மூலையிலும் வளையம் போட்ட குறி. நம்ம ஊர்ல பார்க்கிறவங்களுக்குச் சட்டுனு கோலம் ஞாபகம் வரும். இன்னிக்கும் ஆப்பிள் கீபோர்டுல அது இருக்கு. இன்னொரு கம்ப்யூட்டரைப் பார்த்து அது வரலை.

நான் செய்யச் சொல்றது

மேனேஜர்கள் கேட்டா கோபப்படலாம், இருந்தாலும் சொல்லிடறேன். டிசம்பர்ல ஆணி கம்மியா இருக்கிற ரெண்டு வாரத்தை இப்படிச் செலவு பண்ணலாம்:

1. வருஷம் முழுக்க வந்த புகார்களை எடுத்து ஒண்ணொண்ணா படிக்கிறது. கூட்டிப் பெருக்கின கணக்கு இல்லை, அவங்க எழுதின வார்த்தையிலயே.

2. நம்ம ஆப்ல ஜனங்க என்ன தேடினாங்க, எதுக்கு ஒண்ணும் கிடைக்காம போச்சுன்னு பார்க்கிறது. 'சுகர் டெஸ்ட்'னு தேடினவங்களுக்கு நாம 'குளுக்கோஸ்'னு பேர் வச்சு ஒளிச்சு வச்சிருப்போம்.

3. ஒரு நாள் ஏதாவது இ-சேவை மையத்துல ஓரமா உட்கார்ந்திருக்கிறது. கவுண்டர்ல இருக்கிற பொண்ணு, தாத்தா பாட்டிங்களுக்காக அரசாங்கப் படிவத்தை எப்படி வாய்மொழியில மொழிபெயர்த்துச் சொல்றாங்கன்னு கேளுங்க. அதுல பாதியை அப்படியே திரையில எழுதலாம்.

மூணாவது மாதிரி நானும் ஒண்ணு செஞ்சேன். ஒரு பெரிய ஆஸ்பத்திரியோட காத்திருக்கிற வரிசையில ரெண்டு காலைப் பொழுது. பத்துல ஏழு பேர் மடியில ஒரு பை. ஜவுளிக்கடை பை, ஸ்கேன் கவர், பால் பாக்கெட் ரப்பர் பேண்ட் போட்ட காகிதக் கட்டு. டாக்டர் உள்ள கூப்பிட்டதும் அந்த அம்மா பதறிப் போய் பையைக் கவுத்து, மார்ச் மாச ரிப்போர்ட்டைத் தேடுறாங்க. பேசக் கிடைக்கிற கொஞ்ச நேரத்துல பாதி தேடறதுலயே போயிடுது.

அதனால எங்க மீட்டிங்ல நான் எழுதிக் கொடுத்தது இதுதான். கலர்த்தாள் மழை வேண்டாம். 'எத்தனை தடவை வந்தீங்க'ன்னு சொல்லவே வேண்டாம், அது அவங்களுக்குத் தெரியும். அதுக்குப் பதிலா இந்த வருஷத்து ரிப்போர்ட் எல்லாத்தையும் தேதி வாரியா அடுக்கி, முதல் பக்கத்துல என்ன மருந்து, எதுக்கு ஒவ்வாமைன்னு போட்டு, ஒரே கோப்பா கொடுப்போம். கேட்டவங்களுக்கு மட்டும். புது டாக்டர்கிட்ட போனா அதை நீட்டினா போதும். வருஷக் கடைசித் தொகுப்புதானே கேட்டீங்க? இதுவும் தொகுப்புதான்.

யாரும் இதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஊருக்குக் காட்ட மாட்டாங்கன்னு மார்க்கெட்டிங்ல முகம் சுளிக்கிறாங்க. உண்மைதான், காட்ட மாட்டாங்க. இன்னும் முடிவாகலை, ஜனவரியில பேசலாம்னு தள்ளி வச்சிருக்காங்க. அந்த பலூன் வரைஞ்ச தம்பி மட்டும் தானா வந்து, "அண்ணே, அந்த முதல் பக்கத்தை நான் வரையட்டுமா? எழுத்தைக் கொஞ்சம் பெரிசா வைக்கணும்ல?"ன்னு கேட்டான். காலண்டர் தேதி அளவுக்கு வைடான்னு சொல்லியிருக்கேன்.

டிஸ்கி: டிசைன் வேலையில இல்லாத மக்களும் உங்க வீட்டுல, கடையில, ஆபீஸ்ல ரொம்ப நாளா யாரும் குறை சொல்லாம ஓடிக்கிட்டு இருக்கிற ஒரு பொருளைச் சொல்லுங்க. அதுக்குப் பின்னாடி நிச்சயம் யாரோ ஒருத்தரோட சிரமம் இருந்திருக்கும். அது என்னன்னு தெரிஞ்சா அதையும் சேர்த்துச் சொல்லுங்க, புண்ணியமாப் போகும். எல்லாருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள்!